தோட்ட ரயிலுக்கு முதல் நீராவி எஞ்சின்: 'லேடி ஆன்' ஓட்டிய அனுபவம்

இங்கிலாந்தில் தோட்ட ரயில், அதாவது வீட்டுத் தோட்டத்தில் சிறிய தண்டவாளம் போட்டு ஓட்டும் மாதிரி ரயில், வைத்திருப்பவர்களிடம் முதல் நீராவி எஞ்சினாக எதை வாங்கலாம் என்று கேட்டால், விலையைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். லண்டனுக்குத் தெற்கே உள்ள எங்கள் வீட்டுத் தோட்டத்தில், டான்காஸ்டரைச் சேர்ந்த ரவுண்ட்ஹவுஸ் நிறுவனத்தின் 'லேடி ஆன்' எஞ்சினைச் சில ஆண்டுகளாக ஓட்டிவரும் நான், அந்த இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே சொல்வேன். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாக, தயங்கி நின்றுவிடாமல், ஓர் எஞ்சினால் ஓட முடிகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வேகமாக ஓடுவது எந்த எஞ்சினுக்கும் எளிது. வளைவில் கவிழ்வதும் அந்த வேகத்தில்தான்.

அதற்கு முன் தண்டவாள அகலத்தை முடிவு செய்துவிட வேண்டும். நிஜ ரயிலின் ஓர் அடிக்கு மாதிரியில் 16 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1:19 என்ற அளவில், 32 மி.மீ. அகலம் வேல்ஸின் ஃபெஸ்டினியாக் போன்ற இரண்டடிக் குறும்பாதைகளைக் குறிக்கும். 45 மி.மீ. அகலத்தை ஜெர்மானியர்கள் 1:22.5 அளவில் மீட்டர் பாதையாகக் கொள்கிறார்கள். நீலகிரி மலை ரயில் மீட்டர் பாதை என்பதால், ஊட்டி ரயிலை மனத்தில் வைத்திருப்பவர்களுக்கு 45 மி.மீ. அகலமே பொருந்தும், ஆனால் பல்சக்கர எஞ்சினை முதல் எஞ்சினாக வாங்க நினைக்க வேண்டாம். நான் 32 மி.மீ. அகலத்தை எடுத்துக்கொண்டேன். பாதை முழுவதும் மட்டமாகவும், வளைவுகளின் ஆரம் நான்கு அடிக்குக் குறையாமலும் இருக்கும்படி போட்டது, எந்த எஞ்சினை வாங்கினேன் என்பதைவிடப் பெரிய உதவியாக இருந்தது.

மெதுவாக ஓடும் திறன் பெரும்பாலும் நீராவியை, பிஸ்டன்கள் அசையும் உருளைகளுக்குள் விடும் முறையையும் எஞ்சினின் எடையையும் பொறுத்தது. 1970களின் இறுதியில் தொடங்கி மாமோட் நிறுவனம் விற்ற எஞ்சின்களில் தனி வால்வு கிடையாது. உருளையே ஆடி ஆடித் துளைகளைத் திறந்து மூடும். இவற்றில் பழையவை மலிவாகக் கிடைக்கின்றன, கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள நல்லவை, ஆனால் அழுத்தம் குறைவு என்பதால் சரக்கு இழுக்கும் வலு அதிகம் இல்லை. ஆக்குகிராஃப்ட் நிறுவனத்தின் 'ரூபி' எஞ்சினில் பிஸ்டன் வால்வுகள் உண்டு. நீராவி வரும் வழியையும் வெளியேறும் வழியையும் ஒன்றுக்கொன்று மாற்றிவிட்டால் எஞ்சின் பின்னோக்கி ஓடும். பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. நான்கே சக்கரங்கள் கொண்ட இலேசான எஞ்சின் என்பதால், பெட்டிகளை இணைக்காமல் தனியாக விட்டால் பாய்ந்து ஓடும். 'லேடி ஆன்' ஆறு சக்கரங்களும் பக்கத் தொட்டிகளும் கொண்டது. அதன் சறுக்கு வால்வுகளை எளிமையாக்கப்பட்ட வால்ஷார்ட்ஸ் இயக்கம் என்ற தண்டு அமைப்பு ஆட்டுகிறது. கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு. உருளைகளுக்குப் போகும் நீராவியைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மயிரிழை அளவு திறந்தாலே இது நகரத் தொடங்கும். பின்னால் ஐந்தாறு சரக்குப் பெட்டிகளை இணைத்துவிட்டால் வேகம் தானாகவே கட்டுப்படும். எந்த எஞ்சினை வாங்க நினைத்தாலும், விற்பவரிடம் பெட்டிகளோடும் பெட்டிகள் இல்லாமலும் ஓட்டிக் காட்டச் சொல்வது நல்லது.

எரிபொருள் பியூட்டேன் வாயு. ஓட்டுநர் அறையில் உள்ள சிறு தொட்டியில் அதை நிரப்பி, வால்வை மெல்லத் திறந்து, புகைபோக்கியின் வாயில் நெருப்பைக் காட்டினால், மெல்லிய வெடிச் சத்தத்தோடு சுடர் உள்ளிறங்கி, கொதிகலனுக்குள் செல்லும் குழாயில் எரியத் தொடங்கும். வாயு நிரப்பும்போது கொஞ்சம் வெளியே சீறுவதைத் தவிர்க்க முடியாது. அருகில் வேறெந்த எஞ்சினும் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் அழுத்தமானியின் முள் ஏறிவிடும். முதல் சில அடிகள் உருளைகளில் குளிர்ந்து தேங்கிய நீர் புகைபோக்கி வழியாகத் தெறிக்கும் என்பதால், கையால் முன்னும் பின்னும் தள்ளி அதை வெளியேற்றிவிட்டே ஓடவிட வேண்டும். ஒருமுறை நிரப்பினால் அரை மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. தண்ணீர் தீரும் முன்பே வாயு தீர்ந்துவிடும்படி தொட்டியின் அளவு அமைக்கப்பட்டிருப்பது, கொதிகலனைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு.

குளிர்காலம்தான் பியூட்டேனின் குறை தெரியும் காலம். அதன் கொதிநிலை −0.5 பாகை செல்சியஸ். திரவம் ஆவியாகும்போது தொட்டியும் மேலும் குளிர்ந்துபோவதால், ஜனவரியில் சுடர் சோர்ந்துவிடுகிறது. −42 பாகையில் கொதிக்கும் புரொப்பேன் கலந்த வாயுவைப் பயன்படுத்துவது ஒரு வழி. அதற்கு முன் அந்தக் கலவையைத் தொட்டியில் நிரப்பலாமா என்று தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருத்தம் என்னவென்றால், நீராவி வெண்மையாகத் திரண்டு கண்ணுக்குத் தெரிவதும் அதே குளிர் நாட்களில்தான். ஜூலை வெயிலில் எஞ்சின் சிரமமின்றி ஓடும், நீராவி மட்டும் கண்ணில் படாது.

புதியவர்களுக்கு விளங்க நேரம் எடுக்கும் பகுதி எண்ணெய்க் குப்பி. நீராவியில் ஒரு சிறு பங்கு குப்பிக்குள் புகுந்து, குளிர்ந்து நீராகி, எண்ணெய்க்குக் கீழே இறங்குகிறது. அப்படி மேலெழும் எண்ணெய் நுண்துளை வழியாக நீராவிக் குழாயில் கலந்து, வால்வுகளையும் பிஸ்டன்களையும் சென்றடைகிறது. அதனால் ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் குப்பியில் சேர்ந்த நீரை அகற்றி, புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். நீராவி உருளைகளுக்கென்றே விற்கப்படும் கெட்டியான எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கார் எண்ணெய் அந்தச் சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. ஓட்டம் முடிந்ததும் புகைபோக்கியைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரிந்தால், எண்ணெய் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று நிம்மதி அடையலாம்.

எங்கள் பகுதிக் குழாய் நீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால், கொதிகலனில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுகிறேன். வழக்கமான மூடிக்குப் பதிலாகக் குடால் வால்வு எனப்படும் ஒருவழி வால்வைப் பொருத்திக்கொண்டால், அழுத்தம் இருக்கும்போதே கைப்பம்பு வைத்த குப்பியால் நீரைச் செலுத்தலாம். விலை சொற்பம், ஆனால் பயன் மிக அதிகம். இத்தனை காலத்தில் செய்த பராமரிப்பு என்று பார்த்தால், சில ரப்பர் வளையங்களை மாற்றியதும், வாயு வெளிவரும் நுண்துளை கொண்ட ஜெட்டில் அடைத்த கசடைச் சுத்தம் செய்ததும், அச்சுகளுக்கு எண்ணெய் விட்டதும்தான். ஜெட்டுக்குள் ஊசியை விடக் கூடாது, துளை அகன்றுவிடும். எதிர்ப்புறமாக வாயுவைச் செலுத்தினாலே பெரும்பாலும் அடைப்பு நீங்கும்.

எஞ்சினைத் தொலைவிலிருந்து இயக்கும் ரேடியோ கட்டுப்பாடு தேவையா என்பது தரையைப் பொறுத்தது. மட்டமான பாதையில் கையால் ரெகுலேட்டரை வைத்துவிட்டு எஞ்சினை அதன் போக்கில் விடுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. பாதை ஏறி இறங்குமானால், ஏற்றத்தில் திணறும் எஞ்சின் இறக்கத்தில் ஓட்டம் பிடிக்கும். அங்கே ரெகுலேட்டருக்கு ஒன்றும் திசை மாற்றும் நெம்புகோலுக்கு ஒன்றுமாக ரேடியோ கட்டுப்பாட்டில் இயங்கும் இரண்டு சர்வோக்கள் (சிறு மோட்டார்கள்) இருப்பது செலவுக்குத் தகும்.

'லேடி ஆன்' போன்ற புதிய எஞ்சினுக்கு ஆயிரம் பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல் செலவாகும் என்பதால், பலர் பழையதைத் தேடுவார்கள். அதில் தவறில்லை. கொதிகலன் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், பாதுகாப்பு வால்வு உரிய அழுத்தத்தில் திறக்கிறதா என்று நேரில் பாருங்கள், இணைப்புத் தண்டுகளின் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். சாயம் உரிந்திருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். எஞ்சினை நீராவியில் ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.