ஜூரி டியூட்டி அனுபவம்: மொத ஓட்டு 10-2

அமெரிக்காவுல ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட்ல ஜூரி டியூட்டி, அதாவது சாதாரண ஜனங்க 12 பேர் சேர்ந்து ஒருத்தர் குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ற வேலை, முடிச்சுட்டு வந்திருக்கேன், கிரிமினல் கேஸ், பண மோசடி. சம்மன் வந்தவங்க சிலர் எப்படி இருக்கும்னு கேட்டிருந்தீங்க, அதான் எழுதுறேன். வெயிட்டிங் ஹால், ஸ்டாஃப் எல்லாம் நல்லாவே இருந்துச்சு. ஒரு நாளைக்கு 50 டாலர் தர்றாங்க, தினக்கூலிக்குப் போறவங்களுக்கு அது கட்டுப்படியே ஆகாது, அதனால கெஞ்சிக் கேட்டு விலகிப் போறாங்க, அப்ப மிச்சம் உள்ள உட்கார்றது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

எனக்கு சுத்தமா திருப்தி இல்லாதது ஜூரி செலக்‌ஷன்தான். "உங்களால நடுநிலையா இருக்க முடியுமா"ன்னு ஜட்ஜ் எல்லாரையும் மொத்தமா உட்கார வெச்சு கேக்குறாரு, எல்லாரும் தலையாட்டுறோம். அத்தன பேர் முன்னாடி எழுந்து எனக்கு இந்த ஆளுங்களக் கண்டாலே ஆகாதுன்னு யாரு சொல்லுவா? இனத்த வெச்சு ஜூரர வக்கீல் கழிச்சுக் கட்டக்கூடாதுன்னு 1986லயே பேட்சன் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, ஆனா உள்ள வந்து உட்கார்ந்தவர் மனசுல என்ன இருக்குன்னு அந்த ரூல் எட்டிப் பாக்காது.

விசாரணை முடிஞ்சு, ஜூரி பேசி முடிவெடுக்குற ரூமுக்குள்ள மொத ஓட்டு 10-2. குற்றவாளின்னு சொன்ன பத்துல நானும் ஒருத்தி. எங்க கோர்ட்ல 12 பேரும் ஒத்துக்கணும், பழைய லூசியானா ஸ்டேட் கோர்ட்டா இருந்தா அதோட கதை முடிஞ்சிருக்கும். அங்க 1898ல கறுப்பு ஜூரர்களோட ஓட்டுக்கு மதிப்பில்லாம பண்ணத்தான் எல்லாரும் ஒத்துக்கணுங்கிறத எடுத்தாங்க, ஆரிகன்லயும் 1934லேருந்து இதே மாதிரி இருந்துச்சு. ராமோஸ்னு ஒருத்தர், 10-2லயே ஆயுள் தண்டனை, அவர் கேஸ்லதான 2020ல சீரியஸ் குத்தம்னா எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ஜூரி மொத்தமும் ஒத்துக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. ஆனா அப்பீல் எல்லாம் முடிஞ்சு உள்ள கிடந்தவங்களுக்கு இது பொருந்தாதுன்னு 2021ல சொல்லிட்டாங்க, அது எனக்கு இன்னும் ஆறல.

எங்க ரூம்ல அந்த ரெண்டு பேரும் பேங்க் ஸ்டேட்மெண்ட்ட தேதி வாரியா மறுபடி பாக்கலாம்னாங்க, ஒரு மதியம் பூரா உட்கார்ந்து பாத்தோம். ஒரு குற்றச்சாட்டுல தேதி ஒத்தே வரல. நானே மாறினேன், கடைசில அதுல 12 பேரும் நிரபராதின்னு சொன்னோம், மத்ததுல குற்றவாளி. ரெண்டு பேர் அசராம நின்னா பத்து பேரும் பேப்பர மறுபடி திறந்தே ஆகணும், இந்த சிஸ்டம்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான், இதுக்கு முழு மார்க்.

ஒண்ணு மட்டும் உறுத்துது. பேச்சுக்கு நடுவுல ஒருத்தர் "அந்த நாட்டுக்காரங்க எல்லாம் இப்படித்தான்"னாரு, பக்கத்துல இருந்தவங்க அதட்டுனதும் அடங்கிட்டாரு, நாங்களும் விட்டுட்டோம். பொதுவா ஜூரி ரூம்ல பேசினத வெச்சு தீர்ப்ப அசைக்க முடியாது, இனத்துவேஷத்த நம்பித்தான் ஓட்டு போட்டேன்னு ஒரு ஜூரர் தெளிவா காட்டிக்கிட்டா மட்டும் கோர்ட் கேக்கலாம்னு 2017ல பெனா ரோட்ரிகஸ் கேஸ்ல வழி விட்டாங்க. அதுவரைக்கும் காத்திருக்கவே வேணாம், அப்படி யாராவது பேசினா உடனே ஜட்ஜுக்கு ஒரு நோட் எழுதி ரூமுக்கு வெளிய நிக்கிற கோர்ட் ஆள்கிட்ட கொடுத்தா போதும். சம்மன் வந்தவங்க இத ஞாபகம் வெச்சுக்கோங்க, நாங்க எழுதாம விட்டுட்டோம்.