சென்னை–மதுரை: ரயிலா, விமானமா?

விமானம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்கிறது. வைகை எக்ஸ்பிரஸ் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. வேகத்தில் போட்டியே இல்லை.

புகைக் கணக்கில் நான் ரயில் பக்கம்தான். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மேலே ஏறும்போதுதான் எரிபொருள் வேகமாகக் கரைகிறது; தூரம் குறையக் குறைய அந்தச் செலவு ஒவ்வொரு கிலோமீட்டர் மீதும் கனமாக விழுகிறது. மின்சார ரயிலும் மாசற்றதன்று. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில்தான் பிறக்கிறது. ஆனால் ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் பெருகப் பெருக, அதே பெட்டி, அதே ஜன்னலோர இருக்கை, புகை மட்டும் குறையும். விமானத்தின் தொட்டியிலோ இன்றும் பெட்ரோலிய எண்ணெய்தான்.

உயிர் காக்கும் அவசரத்துக்கு விமானம் சரி. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், திண்டுக்கல் தாண்டியதும் சிறுமலையைப் பார்த்துக்கொண்டே ரயிலில் போகலாம்.