வாலாஜா தாண்டி எந்தப் பக்கம்? பெங்களூருக்கு இரண்டு வழி

தங்கை பெங்களூரின் கிழக்குப் பக்கம் இருக்கும் ஹூடிக்குக் குடிபோனதிலிருந்து, இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போரூரிலிருந்து காரை எடுக்கிறேன். முதல் இரண்டு வருஷம் எல்லாரையும் போல வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழி. இப்போது சித்தூர், முளபாகல், கோலார் வழி. ஆபீசில் இதைச் சொன்னால், "ஆறு வழிச் சாலையை விட்டுட்டு ஏன் சார் ஆந்திராவுக்குள்ள போறீங்க?" என்கிறார்கள்.

பூந்தமல்லியிலிருந்து வாலாஜா வரை சுமார் 90 கி.மீ. இரண்டு வழிக்கும் பொது. பாலம் கட்டுகிறோம் என்று சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஏற்றும் கூத்து அங்கே பல வருஷமாக நடக்கிறது. 2020 டிசம்பரில் சாலையின் லட்சணத்தைப் பார்த்து, மதுரவாயல் - வாலாஜா பகுதியின் இரண்டு சுங்கச்சாவடிகளிலும் பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. எப்படிப் போனாலும் இதைப் பட்டே ஆக வேண்டும் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

வாலாஜாவில்தான் பிரிகிறது. பழைய என்.எச். 4 ராணிப்பேட்டை, சித்தூர் வழியாகப் போனதுதான். 2010இல் தேசிய நெடுஞ்சாலை எண்களை மாற்றிய பிறகு சென்னையிலிருந்து டெல்லி வரை போகும் என்.எச். 48 கிருஷ்ணகிரி வழிக்கு வந்துவிட்டது. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சித்தூர் வழி பத்துப் பதினைந்து கி.மீ. குறையும், அவ்வளவுதான்.

சாலை என்று பார்த்தால் கிருஷ்ணகிரி வழிதான் ஒசத்தி, சந்தேகமே இல்லை. அகலம், வெளிச்சம், வழி நெடுக ஹோட்டல், பஞ்சர் கடை. ஆம்பூர் பிரியாணியைப் பற்றி நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. சித்தூர் வழி நான்கு வழிதான், கடைகளும் கம்மி. ஆனால் முளபாகலில் நெய் விட்டு மொறுமொறுவென்று ஒரு தோசை போடுவார்கள். அதற்காகவே அம்மா இந்த வழிக்கு ஓட்டுப் போட்டுவிட்டாள். சித்தூரை ஒட்டிக் காணிப்பாக்கம் பிள்ளையார் வேறு. சுங்கச்சாவடி இரண்டு பக்கமும் உண்டு, அதில் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். டீசலை மட்டும் ஆந்திராவில் போடாதீர்கள், அங்கே விலை அதிகம்.

இதெல்லாம் சில்லறை. என்னை வழி மாற்ற வைத்தது கடைசி ஐம்பது கி.மீ.

சென்னைக்காரர்கள் எல்லாரும் விடிகாலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். பூந்தமல்லி நெரிசலுக்குத் தப்பிவிட்டோம் என்று ஒரு சந்தோஷம். சரி, ஓசூரை எப்போது தொடுவோம்? ஒன்பது, ஒன்பதரை. அதாவது பெங்களூரே ஆபீசுக்குப் போகும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்கிறோம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் ஆரம்பித்து சந்தாபுரா, பொம்மசந்திரா என்று வண்டி நகரும், நிற்கும், நகரும். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குத் தனியாகக் காசு கொடுத்து ஏறினால் சுமார் 10 கி.மீ. பறக்கலாம். இறங்கினால் நெரிசலில் பிதுங்கும் சில்க் போர்டு சந்திப்பு. அங்கிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் மாரத்தஹள்ளி, கே.ஆர். புரம், ஹூடி. ஒரு திங்கட்கிழமை சென்னையிலிருந்து ஓசூருக்கு நாலரை மணி நேரம், ஓசூரிலிருந்து தங்கை வீட்டுக்கு இரண்டே கால் மணி நேரம். அத்திப்பள்ளியில் பிரிந்து சர்ஜாபூர், வர்த்தூர் வழியாகவும் போய்ப் பார்த்தேன். சந்து சந்தாகச் சுற்றியதுதான் மிச்சம்.

அப்புறம் 48,000 கி.மீ.யில் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் பழைய பிளேட்டைக் கையில் கொடுத்து, "தடவிப் பாருங்க சார், கண்ணாடி மாதிரி தேஞ்சிருக்கு. ஹைவேல ஓட்டின வண்டி மாதிரியே இல்லையே" என்றார். ஹைவேயில்தான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் முடிவில் இரண்டு மணி நேரம் இடது காலை எடுக்காமல் ஓட்டினேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சித்தூர் வழியில் கோலார் தாண்டி ஹொசக்கோட்டையில் நுழைகிறோம். அங்கிருந்து ஹூடிக்கு இருபது கி.மீ.க்குள்தான். கே.ஆர். புரம் தொங்கு பாலத்து நெரிசல் பேர் போனது, ஆனால் அதற்கு முன்னாலேயே நான் திரும்பிவிடுகிறேன். இதுவரை ஐந்து தடவை போயிருக்கிறேன். மோசமான நாளில்கூட ஹொசக்கோட்டையிலிருந்து முக்கால் மணி நேரத்தைத் தாண்டியதில்லை.

இந்த வழியில் நான் பகலில்தான் போய்ப் பழக்கம். ராத்திரியில் ஒரே ஒரு தடவை திரும்பினேன். பலமநேரியிலிருந்து சித்தூர் இறங்கும் மொகிலி கணவாயில், முன்னால் ஒரு தக்காளி லாரி, பின்னால் ஒரு டேங்கர். இறக்கம் முடியும்வரை அம்மா வாயே திறக்கவில்லை. மழைக்கால ராத்திரி என்றால் நானே கிருஷ்ணகிரி வழியாகத்தான் திரும்புவேன். பொம்மசந்திரா வரை மெட்ரோ 2025 ஆகஸ்டில் ஓட ஆரம்பித்த பிறகு ஓசூர் ரோடு கொஞ்சம் மூச்சு விடுகிறது என்று தங்கை வீட்டுக்காரர் சொல்கிறார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனது ஒரே தடவை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஹொசக்கோட்டைக்குப் போடும் 262 கி.மீ. விரைவுச் சாலை முழுசாகத் திறந்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. கர்நாடகப் பகுதியில் சுமார் 70 கி.மீ.யில் 2024 கடைசியிலேயே வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. அதுவும் ஹொசக்கோட்டையில்தான் போய் முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த வாரம் மைத்துனர் பெங்களூரின் தெற்கே இருக்கும் ஜெயநகருக்குக் கிளம்புகிறார். அவருக்கு ஓசூர் வழிதான் சொல்லியிருக்கிறேன், விடிகாலை 2 மணிக்கே கிளம்பச் சொல்லி.