அரிசோனா பாலைவனத்தில் கொயோட்டி வேட்டை: பல சீசன் உழைத்த சாமான்கள் பற்றி

அரிசோனாவின் தெற்கே, சாகுவாரோ கள்ளியும் மெஸ்கீட் முள்மரமும் நிறைந்த சொனோரன் பாலைவனத்தில் கொயோட்டி (ஓநாய் இனத்துச் சிறிய காட்டுநாய்), சாம்பல் நரி, பாப்கேட் (குட்டை வால் காட்டுப்பூனை) மூன்றையும் சத்தம் கொடுத்து வரவழைத்துச் சுடுவது பழைய வழக்கம். இதற்கான சாமான்களைப் பற்றிக் கடையில் சொல்வது ஒன்று. நாலைந்து சீசன் புழுதியும் வெயிலும் தின்ற பிறகு தெரியவருவது வேறு. இந்தப் பகிர்வு அந்த இரண்டாவது வகை. கொயோட்டியோடு சேர்த்து, அதே மலைச்சரிவுகளில் கிடைக்கும் ஹாவலீனா (பன்றி போன்ற பிராணி), கூஸ் மான் (வெள்ளைவால் மானில் ஒரு சிறிய வகை) வேட்டைக்கும் பொருந்துகிற விஷயங்கள் சிலவும் இருக்கின்றன.

முதலில் எலெக்ட்ரானிக் காலர் (caller), அதாவது பதிவான மிருகக் குரல்களை ஸ்பீக்கரில் போடும், ரிமோட்டில் இயங்கும் பெட்டி. எத்தனை நூறு குரல்கள் பதிவாகியிருக்கின்றன, எவ்வளவு சத்தம் போடும் என்றுதான் வாங்கும்போது எல்லோரும் பார்க்கிறார்கள். உண்மையில் இந்தப் பெட்டியின் பயன், சத்தம் ஆளைவிட்டுத் தள்ளி எழுவதில் இருக்கிறது. கொயோட்டி சத்தம் எழும் இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டு வரும். வாயால் ஊதினால் அதன் பார்வை ஊதுகிறவர் மேலேயே குத்தி நிற்கும். காலரை 40, 50 கஜம் தள்ளி வைத்தால் அது அந்தப் பக்கம் பார்த்தபடி வரும். துப்பாக்கியைத் திருப்ப நேரம் கிடைக்கும்.

எங்கே தள்ளி வைப்பது என்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். கொயோட்டி கடைசியில் நேராக வராது. சத்தத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது என்றால் தெற்கு பார்த்து உட்கார்ந்து, காலரை மேற்கே வைக்க வேண்டும். காலருக்குக் கிழக்கே போய்ச் சேர நினைக்கும் கொயோட்டி, நம் வாடை அதன் மூக்கில் படுவதற்கு முன் எதிரே உள்ள வெட்டவெளியைக் கடக்கும். கிழக்கே காலரை வைத்தவர்களுக்கு நடப்பது, சத்தம் தொடங்கிச் சில நிமிடத்தில் தூரத்தில் ஒரு வால் மறைவதுதான். சிறிய பிளாஸ்டிக் பாட்டிலில் வாசனையில்லாத பவுடரைப் போட்டு அமுக்கினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும். வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் திரும்பும் என்பதால் ஒவ்வோர் இடத்திலும் உட்காரும் முன் இதைச் செய்வது நல்லது.

ரிமோட்டின் எல்லை பற்றிப் பெட்டியில் அச்சிட்டிருப்பது தடையில்லாத சமதளத்துக்கான கணக்கு. காலரைத் தரையில் வைத்து, நடுவே கிரியோசோட் புதர்கள் இருந்து, ரிமோட்டை மடியில் வைத்து இயக்கினால் அதில் பெருமளவு போய்விடும். காலரை முழங்கால் உயரக் கிளையில் மாட்டினாலே நிலைமை மாறும். இன்னொன்று: ஆன்டெனாவின் முனையைக் காலரை நோக்கி நீட்டிப் பிடிக்கக் கூடாது. சிக்னல் ஆன்டெனாவின் பக்கவாட்டில்தான் வலுவாகப் போகும். முனைத் திசையில் மிகக் குறைவு. பொத்தானை அமுக்கியும் குரல் மாறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களில் பலர் ரிமோட்டை டிவி ரிமோட் போல நீட்டிப் பிடிக்கிறவர்கள். போலரைஸ்டு கூலிங்கிளாஸ் போட்டிருந்தால் ரிமோட்டின் திரை சில கோணங்களில் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அது பழுதில்லை, ரிமோட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் போதும். கடும் வெயிலில் வைத்த திரை தானாகவும் கறுத்துப்போகும், ஆறியதும் தெளியும்.

பேட்டரிதான் இந்தப் பெட்டிகளைக் கொல்கிற முதல் காரணம். ஆல்கலைன் செல்களைக் கோடையில் உள்ளேயே விட்டு வண்டியில் போட்டுவைத்தால் கசிந்து தகடுகளை அரித்துவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் நெடுநாள் உழைக்கின்றன. ஆனால் அவை 1.2 வோல்ட் என்பதால், 1.5 வோல்ட் கணக்கில் அமைந்த சில காலர்களின் அளவுகாட்டி முழு சார்ஜிலும் பாதி என்றே காட்டும். அதை நம்ப வேண்டாம். உச்ச சத்தத்தில் குரல் கரகரத்தாலோ பெட்டி தானாக அணைந்தாலோ அப்போது மாற்றலாம். மார்ச் முடிந்ததும் செல்களைக் கழற்றி, காலரை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். ஃபீனிக்ஸில் ஜூன் மாதம் மூடிய காருக்குள் இருந்த லித்தியம் பேட்டரி உப்பிப்போனால் அதை மறுபடி சார்ஜில் போடவே கூடாது. ஸ்பீக்கர் வாயில் புழுதி அப்பினால் மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவது மேல். கம்ப்ரசர் காற்றை அடித்தால் புழுதி இன்னும் உள்ளே போகும்.

பதிவான குரல்களில் சீசன் முழுக்கப் பயன்படுவது நாலைந்துதான். காட்டன்டெயில் முயலின் ஓலம், பெரிய ஜாக்ராபிட் முயலின் ஓலம், எலியின் கீச்சு, மரங்கொத்தியின் அலறல், ஜனவரி பிப்ரவரி இணைசேரும் பருவத்தில் கொயோட்டியின் ஊளை. எதுவானாலும் முதல் இரண்டு நிமிடம் சன்னமாக வைக்க வேண்டும். பக்கத்துப் பள்ளத்தில் படுத்திருக்கும் மிருகம் திடீரென்று எழும் பெருஞ்சத்தத்தில் ஓடிவிடும். அக்டோபர், நவம்பரில் தாயைப் பிரிந்து அலையும் இளங்கொயோட்டிகள் எதற்கும் வரும். ஜனவரிக்குள் ஃபீனிக்ஸ், டூசான் ஊர்களை ஒட்டிய பொதுநிலங்களில் ஜாக்ராபிட் குரலைக் கேட்டதும் அவை எதிர்ப்பக்கம் நடக்கும். அங்கே மரங்கொத்தியோ ஊளையோதான் பலிக்கும். கொயோட்டிக்கு ஓர் இடத்தில் 15 முதல் 20 நிமிடம் போதும். சாம்பல் நரி பத்து நிமிடத்துக்குள் ஓடிவந்துவிடும். பாப்கேட் அப்படியில்லை, புதர் புதராக உட்கார்ந்து உட்கார்ந்து வரும். அரைமணி, முக்கால்மணி பொறுத்தால்தான் அதைப் பார்க்க முடியும். குரல் நின்றதும் பாப்கேட் ஆர்வத்தை இழக்கும் என்பதால் இடைவிடாமல் ஓட விட வேண்டும். காலருக்குப் பக்கத்தில் ஆடும் இறகுப் பொம்மை பூனை இனத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. அதன் சிறிய மோட்டாரில் மணல் புகுந்து பல்சக்கரம் தேயும் என்பதால் இரண்டு சீசனுக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

மே, ஜூனில் குட்டிகள் வளையில் இருக்கும். அப்போது குட்டியின் ஓலத்தைப் போட்டுத் தாயை வரவழைப்பது அரிசோனாவில் சட்டப்படி செல்லும், கொயோட்டிக்கு ஆண்டு முழுவதும் அனுமதி உண்டு. இருந்தாலும் செய்யக் கூடாத காரியம் என்பது என் உறுதியான கருத்து. தோலும் அப்போது எதற்கும் உதவாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரைதான் ரோமம் அடர்ந்திருக்கும்.

இத்தனை எலெக்ட்ரானிக் விஷயங்களுக்கும் நடுவே, கழுத்தில் கயிற்றில் தொங்கும், வாயால் ஊதும் ஊதல்தான் எந்த சீசனிலும் கைவிடாத சாமான். அதிலும் ஓப்பன் ரீடு வகை. ஒரு பிளாஸ்டிக் மேடையின் மேல் மெல்லிய மைலார் தகடு ஒன்று; பல்லையோ உதட்டையோ தகட்டின் மேல் எங்கே அழுத்துகிறோம் என்பதில்தான் குரல் இருக்கிறது. நுனிக்குப் பக்கம் அழுத்தினால் அதிரும் நீளம் குறைந்து எலிக்கீச்சு வரும். அடிப்பக்கம் நகர்ந்தால் ஜாக்ராபிட், இன்னும் அடியில் ஊளை. ஒரே ஊதலில் மூன்று மிருகம். குரல் திடீரென்று அடைத்தால் தகட்டுக்கும் மேடைக்கும் நடுவே எச்சிலோடு ஒட்டிய மணல்துகள்தான் காரணமாக இருக்கும். ஒரு டாலர் நோட்டை நடுவே செருகி இழுத்தால் வந்துவிடும். ஃபிளாக்ஸ்டாஃப் பக்கத்துக் குளிர்காலைகளில் எச்சில் உறைந்துவிடும் என்பதால் ஊதலைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் நுனி வளைந்துவிட்டால் திரும்ப நிமிர்த்த முயல வேண்டாம், புதுத்தகடு மாற்றுவது சுலபம்.

பைனாகுலர் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கையில் பிடித்த 15 மடங்குக் கண்ணாடியைவிட ட்ரைபாடில் நிற்கும் 10 மடங்கு அதிகம் காட்டும். கூஸ் மான் உருவில் சிறியது, பாறையின் நிறம். சான்டா ரீட்டா, சிரிகாவா போன்ற மலைகளில் அதைக் கண்டுபிடிப்பது காதின் ஓர் அசைவு, முதுகின் ஒரு கிடைக்கோடு ஆகியவற்றால்தான். கை நடுங்கும் காட்சியில் இரண்டும் தெரியாது. 15க்கு 56 வகை (15 மடங்கு, 56 மி.மீ. முன்லென்ஸ்) ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும், எப்படியும் ட்ரைபாட் இல்லாமல் அது வீண். ஆகவே பணம் குறைவாக இருந்தால் 10க்கு 42ஐயும் நல்ல ட்ரைபாடையும் வாங்கலாம். விடிந்த முதல் மணிநேரம் வெயில் படும் கிழக்குச் சரிவுகளையும், பத்து மணிக்கு மேல் நிழல் தங்கும் வடக்குச் சரிவுகளையும் பார்க்க வேண்டும். ஹாவலீனா குளிர்காலையில் சப்பாத்திக்கள்ளிச் சரிவில் வெயில் காயும். கறுப்பு உருண்டைகளாகத் தெரியும். அவற்றுக்குக் கண்பார்வை மிகக் குறைவு, மோப்பம் மிகக் கூர்மை. காற்று எதிரே அடித்தால் ஐம்பது கஜத்துக்குள் போகலாம்.

ட்ரைபாட் காலின் திருகுப்பூட்டுகள் மூன்றாம் மாதத்திலேயே நறநறக்கத் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியது: கால்களை முழுக்க நீட்டி, கடைசிக் கணுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றவும். குழாயின் மேல்முனையில் பிறைவடிவப் பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும்; எந்த வில்லை எந்தக் குழாய், எந்தப் பக்கம் மேலே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளவும், மாற்றிப் போட்டால் பூட்டு பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, மரையில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவவும். குழாயில் தடவினால் புழுதியும் கிரீஸும் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

துப்பாக்கிக்கும் இதே பாடம்தான். தாராளமாக எண்ணெய் போட்ட போல்ட் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பாகம்) பாலைவனத்தில் இரண்டே நாளில் மணல்பசையாகிவிடும். நன்றாகத் துடைத்து உலர் மசகு போடுவது மேல். குழல் முனையில் ஒட்டிய எலெக்ட்ரிக்கல் டேப் புழுதியைத் தடுக்கும், சுடும்போது குண்டு வருவதற்கு முன் உள்ளிருந்த காற்றே அதைப் பிய்த்துவிடும். வெட்டவெளிக்கு 223 ரெமிங்டன், 55 கிரெய்ன் குண்டு, 200 கஜத்தில் ஜீரோ (அந்தத் தூரத்தில் குறி சரியாக விழும்படி ஸ்கோப்பை அமைப்பது) போதும். மெஸ்கீட் அடர்ந்த ஓடைப் படுகைகளில் 40 கஜத்துக்குள் 12 கேஜ் ஷாட்கன் அதைவிட உதவும்.

பூட்ஸ் வாங்கும்போது காற்றோட்டமான வலைத்துணி வகை கோடைக்கு ஏற்றது என்று ஆசைகாட்டுவார்கள். சோயா (cholla) என்ற கள்ளியின் முள் வலையைத் தைத்துக்கொண்டு நேராக விரலுக்குள் போகும். தோல் பூட்ஸ் கனம்தான், ஆனால் முள் நிற்கிறது. சோயாவின் கணுத்துண்டு உடம்பில் ஒட்டிக்கொண்டால் கையால் தொடவே கூடாது, அந்தக் கையிலும் ஒட்டிக்கொள்ளும். அகன்ற பல்லுள்ள பிளாஸ்டிக் சீப்பைத் தோலுக்கும் கணுவுக்கும் நடுவே நுழைத்து, உடம்பிலிருந்து விலகும் திசையில் ஒரே சுண்டு. மிச்சமுள்ள முட்களைச் சிறிய பிளையரால் ஒவ்வொன்றாக இழுக்கலாம். முள்ளில் பின்னோக்கிய செதில் இருப்பதால் வலிக்கத்தான் செய்யும். நாயைக் கூட்டிப்போகிறவர்கள் சீப்பு இல்லாமல் கிளம்பவே கூடாது. தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர், குளிர்காலத்திலும்.

அறுக்கும்போது கையுறை கட்டாயம். அரிசோனாவின் காட்டு எலிகளிலும் முயல்களிலும் பிளேக், துலரீமியா (முயல் காய்ச்சல்) இரண்டும் உண்டு, தெள்ளுப்பூச்சி, உண்ணி மூலம் கொயோட்டி, பாப்கேட் மேலும் வரும். ஹாவலீனாவின் முதுகில் உள்ள வாடைச் சுரப்பியைத் தனியே வெட்டி எடுக்கப் போகாதீர்கள். தோலை உரித்தால் அதோடேயே வந்துவிடும். ரோமத்தைத் தொட்ட கையும் கத்தியும் கறியைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். கறி நாறுகிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டைவிட்டிருப்பார்கள்.

சட்ட விஷயத்தில் தமிழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று முக்கியம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அரிசோனா லைசென்ஸ் வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். அது காலாவதியான நாளில் அலமாரியில் துப்பாக்கி இருந்தாலும் குற்றம். காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ஆள் குடியிருக்கும் கட்டடத்துக்குக் கால் மைலுக்குள் உரிமையாளரின் அனுமதியின்றிச் சுடக் கூடாது. மிருகங்கள் குடிக்க வரும் நீர்க்குட்டைக்குக் கால் மைலுக்குள், அவை தண்ணீரை எட்ட முடியாதபடி கூடாரம் போடக் கூடாது. வேட்டைக்காக டிரெயில் கேமரா வைப்பது 2022 ஜனவரி முதல் தடை. மலைச்சிங்கமும் (பூமா) இந்தக் குரல்களுக்கு வரும், அதற்குத் தனி டேக் (அனுமதிச் சீட்டு) இல்லாமல் சுடக் கூடாது. முதுகுக்குப் பாறையோ மரமோ இருக்கும்படி உட்காருவதற்கு அது ஒரு காரணம். மாநிலத்தின் கிழக்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய புளூ ரேஞ்ச் காடுகளில் 1998 முதல் மெக்சிகன் ஓநாய் மறுபடி விடப்பட்டிருக்கிறது. கொயோட்டி 20 முதல் 30 பவுண்டு, ஓநாய் 50 முதல் 80 பவுண்டு. ஓநாயின் காது வட்டமாகவும் முகவாய் அகலமாகவும் இருக்கும், பலவற்றின் கழுத்தில் ரேடியோ பட்டை உண்டு. தூரத்தில் தனியாக ஓடும் உருவத்தின் அளவு ஸ்கோப்பில் ஏமாற்றும். அந்தக் காடுகளில் முகவாயும் காதும் தெளிவாகத் தெரியும்வரை விரலை டிரிக்கரில் வைக்காதீர்கள்.