யூஎக்ஸ் இன்டர்வியூவில் எதைத் திறப்பது: இணையதளமா, ஸ்லைடு டெக்கா, ஃபிக்மா ஃபைலா?

யூஎக்ஸ் (பயனர் அனுபவ) டிசைனர் வேலைக்கான இன்டர்வியூவில், செய்த வேலையைக் காட்டிப் பேசும் போர்ட்ஃபோலியோ ரவுண்டில் "ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க" என்று சொன்ன பிறகு எதைத் திறக்கலாம் என்று யோசிக்கக் கூடாது. முன்னால் இருப்பது மூன்று வழி. ஏற்கெனவே இருக்கும் போர்ட்ஃபோலியோ இணையதளத்தை ஸ்க்ரோல் செய்தபடி பேசலாம். இதற்கென்றே ஒரு ஸ்லைடு டெக் (ஸ்லைடுகளின் தொகுப்பு) செய்யலாம். அல்லது வேலை நடந்த ஃபிக்மா (திரைகளை வடிவமைக்கும் மென்பொருள்) ஃபைலையே திறந்து காட்டலாம். மூன்றையும் பயன்படுத்திப் பார்த்ததில் என் ஓட்டு டெக்குக்குத்தான். ஃபிக்மா ஃபைல் பக்கத்தில் துணைக்கு இருக்கட்டும்.

இணையதளமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் பெரும்பாலும் அழைப்பே வராது. ரெக்ரூட்டர் அதைப் பல நேரம் ஃபோனில்தான் திறக்கிறார், அதுவும் அவசரமாக. அதனால் ஒவ்வொரு கேஸ் ஸ்டடியின் (ஒரு வேலையை எப்படிச் செய்தீர்கள் என்ற விவரிப்பு) தலையிலும் எந்தத் தயாரிப்பு, உங்கள் பங்கு என்ன, முடிவில் என்ன மாறியது என்ற மூன்றும் ஸ்க்ரோல் செய்யாமலே தெரிய வேண்டும். பாஸ்வேர்டு போட்ட பக்கம் என்றால் அந்தப் பாஸ்வேர்டு ரெஸ்யூமேயிலேயே இருக்க வேண்டும். கேட்டு வாங்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். இணையதளத்தின் வேலை இத்தோடு முடிந்தது.

அதே பக்கத்தை இன்டர்வியூ அறைக்குள் கொண்டுவரும்போதுதான் சிக்கல். அது தனியாக உட்கார்ந்து படிப்பவருக்காக எழுதியது, முழு வாக்கியங்களால் ஆனது. திரையில் பத்தி தெரிந்தால் பேனலில் (இன்டர்வியூ எடுக்கும் குழுவில்) இருப்பவர்கள் அதைப் படிப்பார்கள். படிக்கும்போது நீங்கள் சொல்வது காதில் ஏறாது. அவர்களில் ஒருவராவது முந்தைய நாளே அதைப் படித்துவிட்டு வந்திருப்பார். அவருக்கு அதையே வாய்விட்டு வாசித்துக் காட்டினால் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. "அந்த முதல் ஃப்ளோவுக்குத் திரும்பப் போங்க" என்று (ஃப்ளோ என்பது பயனர் கடந்துபோகும் திரைகளின் வரிசை) கேட்டால் நீளமான பக்கத்தில் மேலும் கீழும் தேட வேண்டும். வீடியோ காலில் வேகமாக ஸ்க்ரோல் செய்தால் எதிர்ப்பக்கம் படம் திக்கித் திக்கித்தான் போகும்.

ஃபிக்மா ஃபைலின் பலம் வேறு. அதில் ஒளிக்க இடமில்லை. ஆட்டோ லேஅவுட் (உள்ளடக்கம் மாறினால் அளவும் இடைவெளியும் தானாகச் சரியாகும் அமைப்பு) ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்களா, காம்பொனென்ட்டுக்கு (பட்டன் போலத் திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டு) வேரியன்ட் (அதன் மாற்று வடிவங்கள்) வைத்திருக்கிறீர்களா, லேயர் எல்லாம் பெயர் மாற்றாமல் "ஃப்ரேம் 417" என்றே கிடக்கிறதா என்பது ஒரு கிளிக்கில் தெரிந்துவிடும். டிசைன் சிஸ்டம் (நிறுவனம் முழுவதும் பகிரும் காம்பொனென்ட்டுகளும் விதிகளும்) சார்ந்த வேலைக்கு இது நல்ல சான்று. ஆனால் எல்லையில்லாத கேன்வாஸில் நூற்றுக்கணக்கான ஃப்ரேம்களைத் தூரத்திலிருந்து காட்டினால் பார்ப்பவருக்குத் தெரிவது தபால்தலை ஆல்பம்தான். இடப்பக்கப் பட்டியலில் வேறு கிளையன்ட்டின் பெயர், பழைய கமென்ட்டில் சக டிசைனரோடு நடந்த வாக்குவாதம், "ஃபைனல் ஃபைனல் 3" என்று ஒரு பக்கம், எல்லாமே கூடவே வந்து நிற்கும். ரகசிய ஒப்பந்தத்துக்கு உட்பட்ட வேலை என்றால் அந்தப் பெயர் ஒன்றே போதும், உங்களைப் பற்றிய எண்ணம் மாறிவிடும். பழைய நிறுவனத்தின் கணக்கில் இருந்த ஃபைல் என்றால், வேலையை விட்ட பிறகு அதைத் திறக்கும் உரிமையே உங்களுக்கு இருக்காது.

காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தனியாக ஒரு புது ஃபைல் போடுங்கள். தேவையான ஃப்ரேம்களை மட்டும் நகலெடுத்து இரண்டு மூன்று பக்கங்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் விசையோடு பேக்ஸ்லாஷ் (மேக்கில் கமாண்ட்) அழுத்தினால் சுற்றியுள்ள பட்டியல்களும் கருவிப்பட்டைகளும் மறையும். ஒரு ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் 2-ம் அழுத்தினால் அது மட்டும் திரையை நிரப்பும். மவுஸ் சக்கரத்தால் உள்ளே வெளியே போய்க்கொண்டிருந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் சமாளிக்கக்கூடியவை. இவற்றுக்காக மட்டும் டெக் பக்கம் சாய வேண்டியதில்லை. முடிவைத் தீர்மானிப்பது திருத்தும் வேலை: ஒவ்வொரு நிறுவனத்துக்கும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் நடுவில், அதே கேஸ் ஸ்டடியை மாற்றி அடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் அது.

ஒரு எடுத்துக்காட்டு. மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கும் ஒரு செயலியில் வேலை செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலியான நேரங்களைக் காட்டும் முன்பே பழைய ஸ்கிரீன் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டது, பலரும் அங்கேயே வெளியேறினார்கள், நீங்கள் அந்த வரிசையை மாற்றினீர்கள். பெரிய டிசைன் குழு இருக்கும் நிறுவனத்துக்கு இதே கதையில் காம்பொனென்ட், அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது), டெவலப்பரிடம் ஒப்படைத்த விதம் ஆகியவை முன்னால் வர வேண்டும். ரிசர்ச் சார்ந்த பொறுப்புக்கு யாரிடம் பேசினீர்கள், என்ன கேட்டீர்கள், எந்த அனுமானம் உடைந்தது என்பது முன்னால் வர வேண்டும். ஒரே டிசைனரை வைத்து ஓட்டும் சிறிய ஸ்டார்ட்அப்புக்கு, எதை வெட்டிவிட்டு எத்தனை வாரத்தில் வெளியிட்டீர்கள் என்பதுதான் முக்கியம். வேலை ஒன்றுதான். சொல்லும் வரிசை மூன்று.

டெக்கில் இது ஃபைலைக் காப்பி எடுத்து, ஸ்லைடுகளை இழுத்து இடம் மாற்றி, நான்கைந்தை மறைத்து, தலைப்புகளைத் தட்டிச் சரிசெய்யும் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும். இணையதளத்தில் ஒரு பகுதியை மேலே தூக்கினாலே முன்பின் வாக்கியங்கள் ஒட்டாது. டெஸ்க்டாப்பில் சரிசெய்ததை மொபைல் அகலத்திலும் பார்க்க வேண்டும். அரை நாள் கரைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, இணையதளம் எல்லாருக்கும் ஒன்றுதான். திங்கட்கிழமை ஒரு நிறுவனத்துக்காக மாற்றினால் புதன்கிழமை பேசப்போகும் நிறுவனமும் அதையேதான் பார்க்கும். ஃபிக்மா ஃபைலில் இடம் மாற்றுவது சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன சுத்திகரிப்பை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

ரவுண்டுகளுக்கு நடுவிலும் இதே கணக்குதான். முதல் ரவுண்டில் "5 பேரிடம் மட்டும் டெஸ்ட் செய்தது போதுமா?" என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் தடுமாறியிருப்பீர்கள். அடுத்த ரவுண்டில் அதே கேள்வி மறுபடி வர நிறையவே வாய்ப்பு உண்டு, ஏனென்றால் பேனலில் இருப்பவர்கள் குறிப்புகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள். அன்றிரவே ஒரு பின்னிணைப்பு ஸ்லைடு சேர்த்துவிடலாம். பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் கொடுத்த கணக்குப்படி ஒரு பயனர் சராசரியாக 31% சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார் என்றால் 5 பேர் சேர்ந்து ஏறக்குறைய 85% வெளிக்கொண்டுவருவார்கள். ஆனால் இது சிக்கலைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கு. எத்தனை சதவீதம் பேர் வெற்றிகரமாக முடிப்பார்கள் என்று அளப்பதற்கு 5 பேர் போதாது. நோயாளி, வரவேற்பாளர் என்று இரு வகைப் பயனர்கள் இருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் வேண்டும். இவ்வளவும் ஒரே ஸ்லைடில், மூன்று வரியில் அடங்கும். இணையதளத்தில் இதற்கு இடமே இல்லை, போட்டாலும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இப்படித் திருத்த எளிதாக இருக்க வேண்டுமென்றால் டெக்கை ஆரம்பத்திலேயே அதற்கேற்ற மாதிரி கட்ட வேண்டும். முதலில் எல்லா ஸ்லைடுகளும் இருக்கும் ஒரு தாய் டெக். அதை யாருக்கும் காட்டுவதில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதிலிருந்து ஒரு காப்பி. ஒரு ஸ்லைடில் ஒரே கருத்து இருந்தால்தான் இடம் மாற்ற முடியும். "முன்பு சொன்னது போல" என்று எழுதிவிட்டால் அந்த ஸ்லைடு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். தலைப்பும் அப்படியே. "பயனர் ஆய்வு" என்று போட்டால் அது அலமாரியில் ஒட்டிய லேபிள் மாதிரி. "நேரத்தைக் காட்டும் முன்பே பதிவு கேட்டோம், அங்கேயே விட்டுப் போனார்கள்" என்று போட்டால் எந்த இடத்தில் வைத்தாலும் தானாகப் பேசும்.

அளவு 1920-க்கு 1080. பலர் கோட்டைவிடுவது ஃபோன் ஸ்கிரீனை வைக்கும் இடத்தில்தான். 390 பிக்சல் அகலமும் 844 பிக்சல் உயரமும் உள்ள ஸ்கிரீன் அந்த ஸ்லைடில் அழகாகப் பொருந்துகிறது என்று அப்படியே வைத்துவிடுவார்கள். அதிலுள்ள 16 பிக்சல் எழுத்து, எதிரில் இருப்பவரின் சிறிய லேப்டாப்பில் வீடியோ கால் ஜன்னலுக்குள் சுருங்கும்போது 9 அல்லது 10 பிக்சல் ஆகிவிடும். நீங்கள் மாற்றிய பட்டன் எது என்றே தெரியாது. முழு ஸ்கிரீனைச் சிறியதாக ஓரத்தில் வைத்துவிட்டு, மாறிய பகுதியை மட்டும் வெட்டி இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். படத்தை மும்மடங்கு அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் பெரிதாக்கியும் மங்காது. ஸ்லைடில் நீங்கள் எழுதும் எழுத்து 28 பிக்சலுக்குக் கீழே போக வேண்டாம். வெளிர் சாம்பல் எழுத்தையும் தவிருங்கள். சாதாரண எழுத்துக்கு வலை அணுகல் விதிகள் கேட்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட். அணுகல்தன்மை பற்றிப் பேசும் ஸ்லைடே அதில் தேறாவிட்டால் யாராவது நிச்சயம் கவனிப்பார்கள்.

புரோட்டோடைப்பை (கிளிக் செய்து பார்க்கும் மாதிரி) நேரலையில் ஓட்டிக் காட்டும் ஆசையை விட்டுவிடலாம். இணையம் மெதுவாக இருந்தால் ஏறாது, தவறான இடத்தில் கிளிக் விழும், அடுத்த ஸ்கிரீனுக்கு இணைப்பு கொடுத்திருக்க மாட்டீர்கள். 20 முதல் 30 விநாடிக்கு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து வீடியோவாகச் செருகுங்கள். ஜூமில் பகிரும்போது வீடியோவுக்கென்று உள்ள தேர்வை இயக்காவிட்டால் அசைவு துண்டு துண்டாகத் தெரியும். டெக்கை பிடிஎஃப் ஆக்கினால் வீடியோ ஓடாது. பிடிஎஃப் ஆபத்துக்கு உதவும் மாற்று மட்டும்தான்.

ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் எண் கட்டாயம். "பதினோராவது ஸ்லைடைக் காட்டுங்க" என்று கேட்டால், பவர்பாயின்ட்டிலும் கீநோட்டிலும் ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போதே 11 தட்டி என்டர் அழுத்தினால் நேராக அங்கே போய்விடும். பின்னிணைப்பை 50-வது ஸ்லைடிலிருந்து தொடங்கும்படி வைத்தால் நினைவில் நிற்கும். முன்பகுதியில் கூட்டினாலும் குறைத்தாலும் எண் தள்ளிப்போகும் என்பதால், பவர்பாயின்ட்டில் மறைத்த சில ஸ்லைடுகளை நடுவில் மெத்தையாக விட்டுவைக்கலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, 60 நிமிட ரவுண்டு என்றால் அறிமுகத்தில் 5 நிமிடம் போய்விடும், கேள்விக்குக் குறைந்தது 15 நிமிடம் விட வேண்டும். மீதி 40-இல் உங்கள் பேச்சு 30 நிமிடத்துக்குள் இருக்கட்டும், இடையில் நிறுத்திக் கேட்பது மிச்சத்தை விழுங்கிவிடும். இரண்டு கேஸ் ஸ்டடி போதும். முதலாவதற்கு 18 நிமிடம், இரண்டாவதற்கு 10. மூன்றாவதையும் சேர்த்தால் எதையும் ஆழமாகச் சொல்ல முடியாது.

டெக்கின் கெட்ட பழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அது வேலையை இருப்பதைவிட ஒழுங்காகக் காட்டும். பிரிட்டிஷ் டிசைன் கவுன்சில் 2000-களின் நடுவில் பரப்பிய இரட்டை வைர வரைபடத்தை (சிக்கலையும் பிறகு தீர்வையும் விரித்து ஆராய்ந்து குவிப்பதை இரு வைர வடிவங்களில் காட்டும் படம்) இன்னும் பாதிப் பேர் இரண்டாவது ஸ்லைடாக வைக்கிறார்கள். பேனல் அதைப் பார்த்ததும் மனதுக்குள் கொட்டாவி விடும். எந்த வேலையும் அவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. அந்த இடத்தில் தூக்கி எறிந்த ஒரு வடிவமைப்பையும் அதை எறிந்த காரணத்தையும் வையுங்கள். அப்புறம் எண்கள். "பதிவு 40% கூடியது" என்று போட்டால் எதிலிருந்து எதற்கு, எத்தனை வாரம் அளந்தீர்கள், அந்தச் சமயத்தில் விளம்பரம் ஏதும் ஓடியதா என்று கேள்விகள் வரிசையாக வரும். பதில் கைவசம் இல்லாத எண்ணை எடுத்துவிடுவதே நல்லது. அளக்க வாய்ப்பு கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லி, கிடைத்திருந்தால் எதை அளந்திருப்பீர்கள் என்று சொல்வது அதைவிட எடுபடும்.

அசைவு, காட்சி வடிவமைப்பு ஆகியவையே முதன்மையான வேலைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே இணையதளமே வேலையின் மாதிரி. டிசைன் குழுவுக்கே தலைவராகப் போகிறவர்களுக்கும் பல நேரம் ஸ்கிரீனைவிட ஆள் எடுத்தது, குழுவை நடத்தியது பற்றிய பேச்சுதான் அதிகம். அங்கேயே ஒரு சிக்கலைக் கொடுத்து வரைந்து தீர்க்கச் சொல்லும் ஒயிட்போர்டு ரவுண்டுக்கு மூன்றுமே உதவாது, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பேசி முடித்ததும் "டெக்கை அனுப்பி வையுங்க" என்பார்கள். மூல ஃபைலை அனுப்ப வேண்டாம். மறைத்து வைத்த ஸ்லைடுகளும், "இதைக் கேட்டால் இப்படிச் சமாளி" என்று கீழே எழுதி வைத்த பேச்சுக் குறிப்புகளும் அதோடு சேர்ந்தே போகும். ரகசிய ஸ்லைடுகளை நீக்கிவிட்டு, குறிப்புகள் இல்லாமல் பிடிஎஃப் ஆக்குங்கள். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான் போகும், மும்மடங்குப் படங்கள் அதைச் சுலபமாகத் தாண்டும். சுருக்கிய பிரதியைத் திறந்து, அந்தப் பெரிதாக்கிய பட்டன் இன்னும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.