கூட்டமாகப் பறக்கும் விமானங்களுக்கு எந்த லென்ஸ்: 70-200ஆ, 100-400ஆ?

தேசிய தின வான் அணிவகுப்பையும் சிங்கப்பூர் விமானக் கண்காட்சியையும் படமெடுக்க லென்ஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கிடையில்தான் தடுமாறுகிறார்கள். (எண்கள் லென்ஸின் குவியத் தூரம், மி.மீ.யில்; எண் கூடக் கூடக் காட்சி நெருங்கும், அடங்கும் பரப்பு குறையும்.) 100-400 தூரத்தை எட்டும். 70-200 கைக்கு அடக்கம். இது தெரிந்த கதை. விமானங்கள் அணியாக வரும்போது என் ஓட்டு 70-200க்கே. அதன் 70 மி.மீ. முனைதான் காரணம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாரின் அகலம் 36 மி.மீ. விமானம் இருக்கும் தூரத்தை 36ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்று தெரிந்துவிடும். 1 கி.மீ. தூரத்தில் 200 மி.மீ.க்கு 180 மீட்டர், 400க்கு 90 மீட்டர். எஃப்-16 போர்விமானம் ஒன்றின் இறக்கை வீச்சே ஏறக்குறைய 10 மீட்டர். இடைவெளி விட்டு ஐந்து வந்தால் 90 மீட்டரில் மூச்சு முட்டும்.

அணியின் வடிவம் முழுதாகத் தெரிவது அது தலைக்கு மேல் வரும்போதுதான். பக்கவாட்டில் நின்றால் அம்புமுனைகூட ஒற்றைக் கோடாகச் சப்பையாகிவிடும். 300 மீட்டர் உயரத்தில் கடந்தால் 100 மி.மீ.யில் 108 மீட்டர்தான் அடங்கும். கேமரா சற்றே பிசகினாலும் ஓரத்து விமானம் வெட்டுப்படும். 70இல் 154 மீட்டர் கிடைக்கிறது. 300 நாட் (மணிக்கு ஏறக்குறைய 555 கி.மீ.) வேகத்தில் கடைசி ஒரு கிலோமீட்டர் ஆறேழு விநாடியில் முடிந்துவிடும் என்பதால் திருத்திக்கொள்ள அவகாசமில்லை. உயரம் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். இதை மதிப்பீடாகக் கொள்ளுங்கள்.

2015இல் 20 எஃப்-16கள் சேர்ந்து '50' என்ற எண்ணை வரைந்தனவே, அந்த அளவு அணிக்கு 70கூடப் போதாது; 24-105 வேண்டும். சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவிலும் 70-200இன் சாதகம் கரைந்துவிடும்: அதே 300 மீட்டரில் 70 மி.மீ.க்கு ஏறக்குறைய 100 மீட்டர்தான். அவர்களுக்கு 18-135 நல்லது.

கொடி ஏந்தி வரும் சினூக் ஹெலிகாப்டருக்கும் 70-200 வசதி. சுழலிகள் உறைந்து நிற்காமலிருக்க ஷட்டரை 1/125 முதல் 1/250க்குள் வைக்க வேண்டும். அந்த வேகத்தில் 400 மி.மீ.யைக் கையில் பிடித்தால் அதிர்வு காட்டிக்கொடுக்கும். ஜெட்டுகளுக்கு 1/2000.

சிங்கப்பூர் ஆகாயப் படையின் சாகசக் குழுவான பிளாக் நைட்ஸின் ஆறு விமானங்கள் பிரிந்து தனித்தனியாகச் சாகசம் காட்டும்போது 100-400 தெளிவாக முந்துகிறது.

எந்த லென்ஸானாலும் ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வேண்டாம். புள்ளி இரண்டு விமானங்களுக்கு இடையே விழுந்தால் கேமரா வெறும் வானத்தில் துழாவும். ஒரு பரப்பு முழுவதையும் கவனிக்கும் சோன் ஃபோகஸ் போதும்: 200 மி.மீ., லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) எஃப் 8இல் 1 கி.மீ.க்கு ஃபோகஸ் செய்தால் மொத்த அணியும் கூர்மையாகவே இருக்கும். வானம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், இல்லையேல் விமானங்கள் கறுத்துப்போகும்.

ஏற்கெனவே 100-400 வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. ஆனால் 24-105ஐ இரண்டாவது கேமராவில் மாட்டித் தயாராக வைத்திருங்கள். அணி வந்தபிறகு லென்ஸ் மாற்ற நேரமிருக்காது.