மூன்று வருட ரப்பர் தவளை: கூட்டம் நிறைந்த கண்மாயில் விரால் தூண்டில்

ஏழடி ராடு (தூண்டில் கம்பு), நரம்பு சுற்ற 3000 அளவு ரீல், 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு, இரைக்குப் பதிலாக வீச இரண்டு ரப்பர் தவளை. மூன்று வருடமாக மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் இதைத்தான் வீசுகிறேன், குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான்.

இந்தத் தவளை அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீனுக்காகச் செய்தது. அங்கே போட்டிகளில் பெரும்பாலும் ஐந்து மீன்களின் மொத்த எடைதான் கணக்கு. நாங்கள் எட்டுப் பேர் ஞாயிறு காலையில் அதே மாதிரி நடத்திப் பார்த்தோம். ஐந்து விரால் ஒருத்தருக்கும் தேறவில்லை, மூன்றாகக் குறைத்துக்கொண்டோம்.

ஞாயிறு என்றால் மடைப்பக்கம் நிற்க இடம் இருக்காது. நிழலும் ஆழமும் அங்கேதான். முதல் வருடம் நானும் அங்கேயே நின்று, விராலின் சின்ன இனமான குறவை தவிர எதையும் பார்க்கவில்லை. மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார்: "தம்பி, மடைய விடுங்க. இத்தன பேரு மிதிச்சா மீனு அங்கிட்டு தாமரைக்குள்ளதான் போயி ஒண்டும்."

அவர் காட்டியது ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்த மூலை. மண்புழுத் தூண்டில் அதில் விழுந்தால் சிக்கிக்கொள்ளும், அதனால் யாரும் போவதில்லை. தவளைக்குத் தூண்டில் முள் இரண்டும் முதுகோடு படிந்திருப்பதால் இலைமேல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் மூச்சுவிட மேலே வந்தே தீரும். இலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு 'ப்ளக்', அப்புறம் ஒரு வளையம். அதன் தலையில் போடக்கூடாது. மூன்றடி தள்ளிப் போட்டு, மெதுவாக இழுத்து, இடைவெளி வந்ததும் நிறுத்த வேண்டும். கவ்வியதும் வெட்டி இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். எனக்கு அப்படி வந்தது பக்கத்து ஆளின் தலைத்துண்டில் மாட்டியது. இப்போது "ஒண்ணு, ரெண்டு" எண்ணிவிட்டுத்தான் இழுக்கிறேன். மாட்டிய பிறகு அதற்கு இடமே கொடுக்கக்கூடாது, கொடியில் சுற்றிக்கொள்ளும். தடித்த நரம்பு அதற்காகத்தான்.

செக்கச்செவேல் என்று குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும். அங்கே வீசினால் நிச்சயம் அடிக்கும், சிலர் அதையே நம்பி வருகிறார்கள். எங்கள் போட்டியில் அந்த மீன் கணக்கில் சேராது.

இனி குறைகள். தவளையின் வயிற்றில் தண்ணீர் ஏறிவிடும், அடிக்கடி பிதுக்க வேண்டும். ரப்பர் காலை ஜிலேபி மீன் குஞ்சுகள் கடித்தே குட்டையாக்கிவிட்டன. முள் துருப்பிடித்து இரண்டு தடவை தவளையே மாற்றினேன். நரம்பு சாயம் போனாலும் பலம் போகவில்லை, நுனியில் ஒரு முழம் வெட்டிவிட்டுக் கட்டினால் போதும். ரீல் கரகரத்தபோது தேங்காய் எண்ணெய் விட்டேன். முட்டாள்தனம். புழுதியோடு சேர்ந்து பசையாகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெயில் சரியானது. ராடின் உச்சி வளையம் பைக்கில் இடித்து விரிசல் விட்டது, அதற்கு ராடைக் குறை சொல்ல முடியாது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் இதெல்லாம் செல்லாது. இந்த வருடம் மீன்பிடித் திருவிழாவில் தொடங்கலாம் என்று பெரியவர்கள் வெள்ளைத் துண்டு வீசியதும், ராடை வண்டியிலேயே விட்டுவிட்டு அண்ணனின் ஊத்தாவோடு (மீனைக் கவிழ்த்து மூடிப் பிடிக்கும் அடியில்லாத கூடை) சேற்றில் இறங்கினேன். அரை மணி நேரத்தில் நாலு விரால்.